அத்திம்பேரின் அடுக்குத் தயிர்

என் அக்காவின் கணவர், எங்கள் அத்திம்பேர், சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் சமைப்பார். இதில் என்ன பெருமை என்று கேட்பவர்களுக்கு அந்த ஜன்னல் எங்கே இருந்தது என்று முதலில் சொல்ல வேண்டும். அபிராமபுரத்தில் அவர்கள் இருந்த ஃபிளாட்டில் எல்லா வீட்டுச் சமையலறை ஜன்னலும் மாடிப்படியைப் பார்த்தபடி இருக்கும். கட்டியவர் என்ன நினைத்துக் கட்டினாரோ தெரியாது. பால் போடுகிறவர், கோயிலுக்குக் கிளம்புகிறவர், மொட்டை மாடியில் வடாம் காயப்போடப் போகிறவர் என்று யார் ஏறினாலும் இறங்கினாலும், உள்ளே அடுப்படியில் நிற்பது யார் என்று பார்த்துவிட்டுத்தான் போக முடியும்.

அவருடைய அம்மா, நான் மாமி என்று கூப்பிடுகிறவள், காலையில் அந்த ஜன்னலைச் சாத்துவாள். அத்திம்பேர் வந்து திறப்பார். காற்று வரவில்லை, புழுங்குகிறது என்று ஏதாவது சாக்குச் சொல்லியிருந்தால் மாமிக்குச் சமாதானமாக இருந்திருக்கும். அவர் சொன்னதே இல்லை. "திறந்தே இருக்கட்டுமே, இப்போ என்ன" என்பார். அவ்வளவுதான்.

அவருக்குப் பெயர் இருந்தது. ஆனால் அந்த வீட்டில் அந்தப் பெயருக்கு வேலை இல்லை. மாமி 'ஏண்டா' என்பாள், என் அக்கா 'ஏன்னா' என்பாள், மந்தைவெளி மார்க்கெட்டில் பழக்காரம்மா 'இன்னா அய்யரே' என்பாள், நான் அத்திம்பேர் என்பேன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். தொண்ணூறுகளின் நடுவில் எனக்குத் தி. நகரில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் வேலை கிடைத்தது. ஹாஸ்டல் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொள்ளாது என்று அக்கா என்னைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். என் கல்யாணம் வரைக்கும் அங்கேதான் இருந்தேன். அக்கா, அத்திம்பேர், எனக்கு மாமா மாமியான அவருடைய அப்பா அம்மா, நான் ஆக ஐந்து பேர்.

அத்திம்பேரும் தி. நகரில்தான் வேலை பார்த்தார், ஒரு கட்டட இன்ஜினீயரிடம் படம் வரைகிற வேலை. ஒரு கட்டடத்தை மேலிருந்து கீழாக அறுத்துப் பார்த்தால் உள்ளே என்னென்ன தெரியும் என்று ஒரு படம் போடுவார்களே, அதில் அவர் கெட்டிக்காரர். அடியில் மணல், அதன்மேல் ஜல்லி, அதன்மேல் கான்கிரீட் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி, ஒரு கோடு வைத்துப் போடுவார். காதில் பென்சில் இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. குளித்துவிட்டு வரும்போதுகூட அந்தக் காது எதையோ தொலைத்த மாதிரி தலையைச் சாய்த்து வைத்திருப்பார்.

அவருக்கு மறைக்கத் தெரியாது. தெரியாது என்பதைவிட, இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று நிஜமாகவே புரியாது. ஆபீசுக்குத் தாமதமாக வந்தால் மற்றவர்கள் எல்லாம் பஸ்ஸின்மேல் பழியைப் போடுவார்கள். அத்திம்பேர் நேராக இன்ஜினீயர் எதிரில் போய் நின்று, "காலம்பற டிபன் பண்ணிட்டு வரேன் சார், கொஞ்சம் நேரமாயிடுத்து" என்பார். முதல் தடவை அப்படிச் சொன்னபோது ஆபீஸ் மொத்தமும் சிரித்ததாம். அதையும் அவரேதான் வீட்டுக்கு வந்து சொன்னார், யாரோ ஒருவர் கதையைச் சொல்கிற மாதிரி.

இந்தக் குணத்தால் நான் பட்ட பாடும் உண்டு. என்னைப் பெண் பார்க்க அடையாறிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பையனுடைய அம்மா, "பொண்ணு நன்னா சமைப்பாளோன்னோ?" என்று கேட்டாள். அக்கா வாயைத் திறப்பதற்குள் அத்திம்பேர் முந்திக்கொண்டார்.

"இவளா? வெந்நீர் போட்டாலே அடிப்பிடிக்கும் மாமி. ஆனா கணக்குல புலி. உங்க பிள்ளைக்குச் சமைக்கத் தெரிஞ்சா போறுமே."

அந்த வரன் பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டுப் போனதோடு சரி. நான் அவரோடு பேசாமல் இருந்து பார்த்தேன். அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. இவ்வளவுக்கும் அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை, அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

அவர் அடுக்களைக்குள் நுழைந்ததே அக்காவின் வேலையால்தான். தனியார் விமானங்கள் புதிதாகப் பறக்க ஆரம்பித்திருந்த காலம். அக்காவுக்கு மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் டிக்கெட்டைப் பார்த்து, பெட்டியை எடைபோட்டு, உட்காரும் இடத்தை எழுதிக் கொடுக்கிற கவுன்டரில் வேலை கிடைத்தது. விடிகாலை ஷிப்ட். இருட்டு பிரிவதற்கு முன்பே தெருமுனையில் வேன் வந்து நிற்கும். நீல யூனிபார்ம் புடவையும் கொண்டையுமாக அவள் இறங்கிப் போவதைப் பால்கனியிலிருந்து பார்ப்பேன். கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் வீட்டில் கூனிக்கொண்டு நடந்தவள் அவள்தானா என்று இருக்கும். அப்படி ஒரு நிமிர்வு. அந்தப் புடவையை அயர்ன் பண்ணுவதும் அத்திம்பேர்தான். துவைத்து முன்பக்கத்துப் பால்கனியில், தெருவைப் பார்த்து, நன்றாக விரித்து உலர்த்துவதும் அவர்தான்.

மாமி இதற்கு ஒரே ஒரு கேள்வி வைத்திருந்தாள். காலம்பற டிபன் யார் பண்ணுவது?

"மத்தியானம் சமையல் நான் பாத்துக்கறேன். ராத்திரிக்கு அவ பாத்துக்கட்டும். காலம்பற நான் நிக்க மாட்டேன், என் முட்டி தாங்காது. மாட்டுப்பொண் இருக்கற ஆத்துல காலம்பற அடுப்பு காஞ்சு கிடக்கப்படாது. முடியலேன்னா வேலையை விட்டுடட்டும்" என்றாள்.

மாமியின் முட்டி, கோயில் பிரகாரத்தைச் சுற்றும்போது நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் பேச்சு பேச்சுதான். மாமா பூஜையை முடித்து ஏழரை மணிக்கு வந்து உட்காரும்போது டிபன் இருந்தால் அக்காவுக்கு வேலை இருக்கும். டிபன் இல்லையென்றால் வேலையும் இல்லை. அக்கா என்னிடம் தனியாக, "இந்த மாசத்தோட போயிடும்டி" என்றாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"நான் பண்றேன்" என்றார் அத்திம்பேர்.

மாமி சிரித்துவிட்டாள். அதுவரை அவர் அந்த அடுக்களையில் செய்த ஒரே காரியம் தண்ணீர் குடித்தது. முதல் நாள் உப்புமா செய்தார். அதை வைத்து அவர் ஆபீசில் வரைந்த கட்டடம் ஒன்றை எழுப்பியிருக்கலாம். இட்லி துணியை விட்டு வர மாட்டேன் என்றது. தோசை கல்லை விட்டு வர மாட்டேன் என்றது. மாமி ஒரு வாய் போட்டுக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்ப்பாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவைப் பயிற்சிக்காகப் பம்பாய்க்கு அனுப்பினார்கள். போன இடத்தில் ஒரு பெரிய ஹோட்டலில் தங்க வைத்திருக்கிறார்கள். திரும்பி வந்தவள் ஊரைப் பற்றிச் சொல்லவில்லை, கடலைப் பற்றிச் சொல்லவில்லை. காலை டிபனைப் பற்றிச் சொன்னாள்.

"கண்ணாடி கிளாஸ்னா. அடியில பழம், அதுமேல கெட்டித் தயிர், அதுமேல மொறுமொறுன்னு என்னமோ. மறுபடியும் பழம், மறுபடியும் தயிர். வெளிலேர்ந்து பாத்தா கோடு கோடா தெரியறது. பார்ஃபேன்னு பேர் சொன்னா."

"அடுப்பு?" என்று கேட்டார் அத்திம்பேர்.

"அடுப்பே வேண்டாம்."

அத்திம்பேர் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். கையில் கிடைத்த கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் ஒரு கிளாஸை வரைந்து, அக்காவைக் கேட்டுக் கேட்டு அடுக்கு அடுக்காகக் கோடு போட்டார். பழத்துக்கு ஒரு வகைப் புள்ளி, மொறுமொறுப்புக்கு ஜல்லிக்குப் போடுகிற அதே முக்கோணம். தின்கிற பண்டத்துக்கு அப்படி ஒரு படம் போட்டவர் மயிலாப்பூர் வட்டாரத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

முதலில் எவர்சில்வர் டம்ளரில்தான் அடுக்கிப் பார்த்தார். சாப்பிட நன்றாகவே இருந்தது. அவருக்குத் திருப்தி இல்லை. "உள்ள என்ன இருக்குன்னு தெரியலையே" என்று டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்று சாயங்காலமே ரங்கநாதன் தெருவுக்குப் போய்க் கண்ணாடி கிளாஸ் வாங்கி வந்துவிட்டார். "இந்த ஆத்துல கண்ணாடி கிளாஸ்ல யாரும் சாப்பிட்டதில்லைடா. அதுல என்ன விட்டுண்டு குடிப்பான்னு எனக்குத் தெரியும்" என்றாள் மாமி.

தயிர்தான் அவரை மிகவும் அலைக்கழித்தது. நம் வீட்டுத் தயிர் மோருக்கு ஆகும், சாதத்துக்கு ஆகும், நிற்கச் சொன்னால் நிற்காது. பழைய அங்கவஸ்திரம் ஒன்றை வெந்நீரில் முக்கி எடுத்து, தயிரை அதில் மூட்டை கட்டிக் குழாயில் தொங்கவிட்டார். சென்னைப் புழுக்கத்தில் விடிவதற்குள் அது வாயில் வைக்க முடியாதபடி புளித்துவிட்டது. பிறகு வடிதட்டில் வைத்து அப்படியே ஃப்ரிட்ஜுக்குள் தள்ளினார். வடிந்த நீரை மாமி கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டு, "பூணூல் கல்யாணத்துல போட்ட அங்கவஸ்திரம்" என்று முணுமுணுத்தாள். மொறுமொறுப்புக்குக் கெட்டி அவலை நெய்யில் வறுத்து, உடைத்த வேர்க்கடலை சேர்த்து, வெல்லப்பாகில் புரட்டி, ஆறவைத்து உதிர்த்து டப்பாவில் போட்டு வைப்பார். இந்த ஒன்றுக்குத்தான் அடுப்பு. அதையும் சனிக்கிழமையே முடித்துவிடுவார். நெய் எதற்கு இவ்வளவு என்று கேட்டேன்.

"சுவர்ல ஈரம் ஏறாம இருக்க அடியில ஒரு பூச்சு பூசுவோம். அந்த மாதிரி. இல்லேன்னா பழத்து ஜலம் ஏறி நமுத்துடும்" என்றார்.

முதல் நாள் கிளாஸ் மேஜைக்கு வந்ததை நான் உயிர் உள்ளவரை மறக்க மாட்டேன். மாமா பட்டை விபூதியோடு வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் ஸ்பூன் வைத்திருந்தது. ஆனால் மாமா எதையும் உதட்டில் படாமல் தூக்கிக் குடித்தே பழகியவர். கிளாஸ் என்றால் தூக்க வேண்டியதுதானே என்று அண்ணாந்து சாய்த்தார். ஒன்றும் வரவில்லை. இன்னும் சாய்த்தார். கிளாஸைத் தட்டினார். மேல் தயிர் கொஞ்சம் யோசித்துவிட்டு, பிறகு மொத்தக் கட்டடமும் ஒரே சமயத்தில் புறப்பட்டு அவர் மூக்கின்மேல் இறங்கியது.

அக்கா அன்று வேலையில் இருந்தாள், நல்லவேளை. மாமா மெதுவாகத் துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டார். மீசை ஓரத்தில் இருந்ததை நாக்கால் தொட்டுப் பார்த்தார்.

"மாதுளம்பழமா அது?" என்று கேட்டார்.

"ஆமாம்ப்பா."

"இன்னொண்ணு கொண்டா. அந்த ஸ்பூனையும் குடு."

அதிலிருந்து மாமாவுக்கு அது 'அடுக்குத் தயிர்' ஆயிற்று. பம்பாய்ப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. அதன்பின் எல்லாம் சுகமே என்று நினைக்க வேண்டாம். ஒருநாள் காலை வேலையைக் குறைக்கலாம் என்று பப்பாளி போட்டு ராத்திரியே அடுக்கி வைத்துவிட்டார். விடிந்து பார்த்தால் வேப்பங்கொழுந்து தோற்றது, அப்படிக் கசப்பு. மாமா ஒரு ஸ்பூனோடு வாஷ்பேசினுக்கு ஓடினார், மாமி காலண்டரைப் பார்த்தாள். பாலில் கோளாறு, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். அத்திம்பேர் நின்ற இடத்திலேயே, "தப்பு என்னோடதுதான். ராத்திரியே அடுக்கியிருக்கப்படாது. பப்பாளியும் தயிரும் சேர்ந்து இருந்தா கசக்கறது" என்று சொல்லிவிட்டு எல்லோருக்கும் மாதுளையும் வாழைப்பழமும் போட்டுப் புதிதாக அடுக்கினார். அதிலிருந்து பப்பாளிக்கு அந்த வீட்டில் தடை. சாப்பிடுகிறவர் வந்து உட்கார்ந்த பிறகுதான் அடுக்குவது என்றும் ஆயிற்று.

இதற்கிடையில் மாதம் முடிந்தது. அடுத்த மாதமும் பிறந்தது. அக்காவின் வேலை இருந்தது. மாமி மட்டும் அடுக்குத் தயிரைத் தொடவில்லை, முந்தின நாள் ரசஞ்சாதம் இருந்தால் போதும் என்றாள். ஜன்னலைச் சாத்துவதையும் நிறுத்தவில்லை.

அவருடைய பழம் வாங்குகிற வழக்கத்தில்தான் வினை வந்தது. ஆபீஸ் முடிந்து வரும்போது தினமும் மந்தைவெளி மார்க்கெட்டில் இறங்கிப் பை நிறையப் பழம் வாங்குவார். நம் ஊரில் தினம் தினம் யார் பழம் வாங்குவார்கள்? சாமிக்கு வாங்குவார்கள், இல்லை நோயாளிக்கு வாங்குவார்கள். ஒருநாள் நானும் கூட இருந்தேன். பழக்காரம்மா சாத்துக்குடியைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"இன்னா அய்யரே, தெனிக்கும் இம்மாம் பயம் வாங்கிகினு போற. வூட்ல யாருக்குனா ஒடம்பு சரியில்லியா?"

"எல்லாரும் நன்னாதான் இருக்கா. டிபனுக்கு வாங்கறேன். நான்தான் பண்றேன், சம்சாரம் வேலைக்குப் போறா."

"அய்ய, நீயா பண்ற?" என்றாள் அவள். பிறகு என்ன தோன்றியதோ, ஒரு கொய்யாவைச் சும்மா எடுத்துப் பையில் போட்டாள்.

இதே கேள்வியை ஃபிளாட்டில் கீழ்வீட்டு மாமி, எங்கள் மாமியிடம் கேட்டிருக்கிறாள். மாமி என்ன சொல்வாள்? என் பிள்ளை அடுக்களையில் நிற்கிறான் என்று சொல்ல வாய் வரவில்லை. "ஆத்துக்காரருக்கு வயித்துல புண்ணு. டாக்டர் பழமும் தயிரும்தான் சொல்லியிருக்கார்" என்று சொல்லிவிட்டாள். அந்த வயிற்றுப் புண் ஒவ்வொரு மாடியாக ஏறும்போது வளர்ந்து, மொட்டை மாடியை எட்டுவதற்குள் ஆபரேஷன் வரைக்கும் போய்விட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஃபிளாட் செக்ரட்டரியும் அவர் மனைவியும் கீழ்வீட்டு மாமியும் மாமாவின் கோயில் சிநேகிதர் ஒருவரும் சேர்ந்து வந்தார்கள். கையில் ஆப்பிள், சாத்துக்குடி, குளுக்கோஸ் டப்பா. மாமா ஹாலில் சௌக்கியமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தனக்கு உடம்பு சரியில்லை என்பது அவருக்கே தெரியாது. சிநேகிதர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "தைரியமா இருங்கோ" என்றார்.

"எதுக்கு?" என்றார் மாமா.

மாமிக்கு முகம் வெளுத்துவிட்டது. அக்காவுக்கு அன்று விடுமுறை, அவள் காபி கலக்க எழுந்தாள். மாமி அடுக்களை வாசலில் போய் நின்றுகொண்டு, உள்ளே இருந்த அத்திம்பேருக்கு வெளியே வராதே என்று கண்ணால் ஜாடை காட்டினாள். அப்படியே கையை நீட்டி ஜன்னலையும் இழுத்துச் சாத்தினாள். அத்திம்பேர் வெல்ல அவல் டப்பாவைக் கையில் பிடித்தபடி ஒரு நிமிஷம் நின்றார். பிறகு ஜன்னலைத் திறந்தார். ஹாலுக்கு வந்தார்.

"அப்பாவுக்கு ஒண்ணும் இல்லை. கல்லு மாதிரி இருக்கார். பழமெல்லாம் காலம்பற டிபனுக்கு வாங்கறது. இவ விடிகாலைல வேலைக்குப் போயிடறா, அதனால டிபன் நான் பண்றேன். உக்காருங்கோ, ஆளுக்கொண்ணு அடுக்கித் தரேன்" என்றார்.

செக்ரட்டரி மனைவி அக்காவை மேலும் கீழும் பார்த்தாள். "ஏன், உங்காத்துக்காரிக்குச் சமைக்கத் தெரியாதா?" என்று அவரிடம் கேட்டாள்.

"பேஷா சமைப்பா. என்னைவிடப் பத்து மடங்கு. ஆனா பிளேனுக்கு அவ வேணும் மாமி. டிபனுக்கு நான் போறும்."

அதை அவர் பதிலடியாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னார். அந்தக் குரலைக் கேட்டபோது எனக்குள் ஏதோ பொங்கி வந்தது. இப்படி ஒருவர் எங்கள் வீட்டு மாப்பிள்ளையாக வந்திருக்கிறாரே என்று பெருமையாக இருந்தது. அக்கா காபி டபராவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

கிளாஸ்களை ஹால் மேஜைமேலேயே கொண்டுவந்து வரிசையாக வைத்தார். அடியில் மாம்பழத் துண்டுகள், அன்றைக்கு நல்ல பங்கனப்பள்ளி கிடைத்திருந்தது. அதன்மேல் வடித்த தயிர், கரண்டியின் முதுகால் ஓரம்வரை ஒதுக்கிச் சமமாக. அதன்மேல் வெல்ல அவல். பிறகு மாதுளை, மறுபடி தயிர், உச்சியில் கொஞ்சம் அவல், கொஞ்சம் ஏலப்பொடி. ஒவ்வொரு கிளாஸையும் கண் மட்டத்துக்குத் தூக்கி, கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். உடம்பு விசாரிக்க வந்தவர்கள் ஸ்பூனும் கையுமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கீழ்வீட்டு மாமி தயிரை எப்படிக் கெட்டியாக்குவது என்று கேட்டுக்கொண்டாள். செக்ரட்டரி மனைவி பாதியை வைத்துவிட்டாள், மீதியைச் செக்ரட்டரி முடித்தார்.

அவர்கள் போனதும் மாமி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாயங்காலம்தான் வெளியே வந்தாள். அழுதிருந்தாள்.

"நாலு பேர் உன்னைக் கீழ பாக்கப்படாதுன்னுதானேடா நான் பொய் சொன்னேன். நீ ஆம்பளைடா. இப்போ ஊர் சிரிக்கப்போறது. போறும், அவ வேலையை விடட்டும்."

"நாலு பேரும் பாத்தாச்சும்மா. ஒருத்தரும் கீழ பாக்கலை, கிளாஸைத்தான் பாத்தா" என்றார் அத்திம்பேர்.

"விட்டுடறேன்னா. ஆத்துல நிம்மதியாவது மிஞ்சும்" என்றாள் அக்கா. அவள் குரலில் சண்டையே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அத்திம்பேர் எழுந்து போய் மறுநாளைக்கான நீலப் புடவையை எடுத்து அயர்ன் பண்ண ஆரம்பித்தார். கொசுவத்தின் மடிப்பு கலையாமல், நிதானமாகப் பண்ணினார். விடிகாலையில் அக்காவின் பையைத் தூக்கிக்கொண்டு வேன்வரைக்கும் கூடவே போனார். திரும்பி வந்து ஜன்னலைத் திறந்தார்.

அன்றிலிருந்து அவர் மாமிக்கும் ஒரு கிளாஸ் அடுக்கி மேஜையில் வைக்க ஆரம்பித்தார். மாமி வேண்டாம் என்றாள். மறுநாளும் வைத்தார். சாப்பிடு என்று சொல்லவும் இல்லை, திருப்பி எடுக்கவும் இல்லை. அத்திம்பேரும் நானும் வேலைக்குக் கிளம்பும்போது அது அங்கேயே நிற்கும். சாயங்காலம் வந்தால் கிளாஸ் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும். கொட்டிவிட்டாளா, மாமா சாப்பிட்டாரா, யாரும் கேட்கவில்லை. மாமியும் வேலையைப் பற்றிப் பேச்சை எடுக்கவில்லை. அக்கா ஒவ்வொரு நாளும், இன்று பேச்சு வரும் என்று பயந்துகொண்டே வேன் ஏறினாள்.

ஒருநாள் காலையில் அத்திம்பேர் அடுக்கிக்கொண்டிருக்கும்போது மாமி பின்னால் வந்து நின்றாள்.

"நேத்திக்கு அவல் நமுத்துப் போச்சு. டப்பா மூடி சரியில்லை. வேற டப்பா எடுத்துத் தரேன்" என்றாள்.

அத்திம்பேர் திரும்பிப் பார்க்கவில்லை. "சரிம்மா" என்றார். காது மட்டும் சிவந்திருந்தது. ஜன்னல் திறந்துதான் இருந்தது, மாமி அதைச் சாத்த மறந்துவிட்டாள் என்று நினைக்கிறேன். அடுத்த நாளும் மறந்தாள்.

அதற்குப் பிறகு அத்திம்பேருக்குக் காய்ச்சல் வந்து ஆபீசுக்குப் போகாத ஒரு சாயங்காலம், பழம் வாங்க மாமியும் நானும் மந்தைவெளிக்குப் போனோம். பழக்காரம்மாவுக்கு மாமியை அடையாளம் தெரியாது. மாமி பை நிறைய அடுக்கிக்கொள்வதைப் பார்த்துவிட்டு அவள் வழக்கம்போலக் கேட்டாள்.

"இன்னாம்மா, இத்தினி பயம். ஆஸ்பத்திரிக்கா?"

எனக்குத் திக்கென்றது. மாமி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரி என்ன ஆஸ்பத்திரி? எங்காத்துல எல்லாரும் சௌக்கியம். எம்பிள்ளை காலம்பற அடுக்குத் தயிர் பண்ணுவான், அதுக்கு. நாலு மாடிக்காராளும் வந்து எப்படின்னு கேட்டுண்டு போறா. என் மாட்டுப்பொண் ஏரோப்பிளேன்ல வேலையா இருக்கா. அவ போய் நிக்கலேன்னா பிளேனே கிளம்பாது."

அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு உரக்கச் சொன்னாள். பழக்காரம்மா வாயைப் பிளந்து கேட்டாள். பிறகு, இவ்வளவு பெரிய வீட்டுக்காரம்மாவுக்கு நல்லதாகக் கொடுக்க வேண்டும் என்று, நன்றாகப் பழுத்த பப்பாளி ஒன்றை எடுத்து நீட்டினாள்.

மாமி அதைக் கையாலேயே தள்ளினாள்.

"அது வேண்டாம். தயிரோட கசக்கும்" என்றாள்.